மெழுகு என்று சொன்ன கறை

கிரேயானைப் பிடித்து வரைந்தவர்கள் எல்லாம் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை என்று வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கியவர்கள் நீங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிரேயானை உருக்கியவர்கள் யாராவது இருந்தால் இந்தப் பக்கம் வாருங்கள். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில், தலைக்கு டை அடித்துக்கொண்டு, பிள்ளைகளின் ஹோம்வொர்க்கை நாமே எழுதிக்கொண்டிருக்கிற என் வயசுக்காரர்கள் யாராவது இருப்பீர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும்.

நான் உருக்கியது திருப்பூரில், முதலிபாளையம் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன பனியன் யூனிட்டில். அப்பா அங்கே அயர்ன் மாஸ்டர். அம்மா செக்கிங், தைத்து வரும் பீஸ்களில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாங்கள் வந்து அப்போது ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். செல்போன் முதலாளியின் சட்டைப் பையில் மட்டும் இருந்த காலம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

மே மாத விடுமுறையில் லைன் வீட்டில் பெண் பிள்ளையைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போக முடியாது என்று அம்மா என்னையும் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போவாள். ஆனால் ஒரு கண்டிஷன். "அங்க வந்து ஒரு வேலையிலயும் கை வைக்கக் கூடாது. பிசிறு வெட்டு, பீஸை மடின்னு யாராவது சொன்னா மாட்டேன்னு சொல்லு. சும்மா இருக்கத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்." என்னோடு படித்த இரண்டு பிள்ளைகள் அப்படி விடுமுறைக்கு வந்து உட்கார்ந்து, பிறகு பள்ளிக்கூடத்துக்கே திரும்பவில்லை. அம்மாவுக்கு அது தெரியும். அதனால் நான் செக்கிங் டேபிளுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டு, நாள் முழுக்கச் சும்மா இருந்தேன். பத்து வயதில் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸுக்கு சண்டே ஸ்கூலில் கொடுத்த பன்னிரண்டு கலர் கிரேயான் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. மே வருவதற்குள் எல்லாம் உடைந்து, நகத்தளவுத் துண்டுகளாகி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தன. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த டின்னை அயர்ன் டேபிள் மேல் வைத்துவிட்டு, ஒரு சிவப்புத் துண்டை வெட்டுத் துணி ஒன்றுக்குள் மடித்து, ஆறிக்கொண்டிருந்த அயர்ன் பாக்ஸை அதன் மேல் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் பதில் கிடையாது. எடுத்துப் பார்த்தபோது துணிக்குள் சிவப்பு, நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் வெளிறியும், விரல் விரலாக ஓடியிருந்தது. துணியின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நிறம் ஏறியிருந்தது. நான் வரையவில்லை. ஆனாலும் அது என்னால் வந்தது. அந்த மாதிரி சந்தோஷம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். மதியம் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு எல்லோரும் கை கழுவப் போவார்கள். பாக்ஸில் பத்து நிமிடத்துக்குச் சூடு இருக்கும். அந்தப் பத்து நிமிடம் என்னுடையது. கிரேயானைப் பென்சில் ஷார்ப்பனரில் சீவித் தூளாக்கி வைத்துக்கொள்வேன். தரை முழுக்க வெட்டுத் துணி இருக்கும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அதில் தூளைத் தூவி, மேலே பழைய செய்தித்தாளை வைத்து, பாக்ஸால் மெதுவாக ஒரு ஒற்று. தேய்த்தால் எல்லாம் கலந்து சேற்று நிறமாகிவிடும், ஒற்றத்தான் வேண்டும். மஞ்சள் முதலில் ஓடும். நீலம் சோம்பேறி. கறுப்பு கடைசி வரை அடம்பிடிக்கும். கிரேயான் தீரத் தீர சர்ச்சில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்தேன். பக்கத்து ஷெட்டில் டீ-ஷர்ட்டுக்குக் காலர் நெய்வார்கள். நூல் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக அங்கே மிஷினில் மெழுகு வில்லைகளை மாட்டியிருப்பார்கள். தேய்ந்த வில்லைகளை அந்த அண்ணன்கள் எனக்காக எடுத்து வைப்பார்கள். சூடான கிரேயானுக்கு ஒரு வாசனை உண்டு. அதை உங்களுக்கு எழுத எனக்கு வார்த்தை வரவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஒரே ஒரு சட்டம்தான் போட்டார். முடித்ததும் பாக்ஸின் அடியைச் சூடு இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும். பிறகு அவரே வந்து பாக்ஸைச் சூடாக்கி, ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு இழுப்பு இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "ஒரு பொட்டு இருந்தாலும் வெள்ளப் பீஸு போச்சு, பாத்துக்க" என்பார். ஒரு பொட்டுகூட ஒருநாளும் இருந்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நீங்கள் மறந்தாலும் நான் மறக்கப்போவதில்லை.

படங்கள் பெருகின. கொடி கட்டி கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். முதலாளி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நின்று பார்ப்பார். கொங்கு மரியாதை அவருக்கு, பத்து வயதுப் பிள்ளையையும் நீங்க வாங்க என்றுதான் கூப்பிடுவார்.

"இதென்னங்க கண்ணு, தக்காளிக் கொழம்பு கொட்டிப் போச்சுங்களா?"

"இல்ல. மழைக்கு முன்னாடி இருக்கிற வானம்."

"வானம் செவப்பா இருக்குமுங்களா?"

"எங்க ஊர்ல இருக்கும்."

"அது செரி. உங்கூர்ல எல்லாமே காரந்தானுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் வரும் கஷ்டம் தனி ரகம்.

மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளை டீ-ஷர்ட் ஆர்டர் முடிகிற நேரம். துணி வாங்குகிறவர்கள் தரப்பிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் காலையில் வந்து, பேக்கிங் ஆன பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். நடுவிலிருந்து ஏழெட்டு பீஸை உருவித் தனியாகப் போட்டார். அடிப்பக்கத்து மடிப்பிலிருந்து மேல்நோக்கி, நாலு விரல் நீளத்துக்கு, மயிரிழையாக ஒரு பழுப்புக் கோடு. மொத்தத்தையும் மறுபடி பார்த்து வைக்கச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

முதலாளி அந்த பீஸ்களைத் தூக்கிக்கொண்டு அயர்ன் டேபிளுக்கு வந்தார். "ஏனுங்க மாஸ்டர், இதென்னங்க இது? அயர்ன் பண்றப்ப கண்ணுல படலீங்களா?"

அப்பா ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது பீஸையும் திருப்பினார். மூன்றாவதையும் திருப்பினார். பிறகு எல்லாவற்றையும் டேபிளில் வைத்துவிட்டு, முதலாளியைப் பார்க்காமல் சொன்னார்.

"இது எம்பிள்ள வேலை மொதலாளி. மெழுகை உருக்கி வெளையாடுவா. பாக்ஸ்ல ஒட்டியிருக்கும். நான் கவனிக்காம விட்டுட்டேன்."

செக்கிங் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்பா ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக என் கொடிக்குப் போனார். ஒவ்வொரு படமாக உருவினார். பனியன் துணி கிழியாது, இழுத்தால் நீளத்தான் செய்யும். அதனால் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி இரண்டு கையாலும் முறுக்கினார். மெழுகு பொலபொலவென்று உதிர்ந்தது. சிவப்பு வானம், காலர் துண்டில் போட்ட பச்சை, ஒரு வாரம் ஒற்றி ஒற்றி எடுத்த நீலம், எல்லாம் தரையில் தூளாகக் கிடந்தன. முறுக்கிய துணிகளை வேஸ்ட் மூட்டைக்குள் போட்டார். பிஸ்கட் டின்னையும் அதற்குள் கவிழ்த்தார்.

"போச்சாதுங்க மாஸ்டர், புள்ளயத் திட்டாதீங்க" என்றார் முதலாளி. அவர் குரல் அதற்குள் இறங்கியிருந்தது. என் பக்கம் குனிந்தார். "கண்ணு, இனிமே மெழுகத் தொட மாட்டேன்னு ஒரு ஸாரி சொல்லிப்போடுங்க. அவ்வளவுதானுங்க, முடிஞ்சுது."

மிஷின்கள் நின்றிருந்தன. டெய்லர்கள், பிசிறு வெட்டுகிற அக்காக்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான். இரண்டு எழுத்து. பெரியவர்களுக்கு அது எவ்வளவு சின்னதாகத் தெரிந்தது என்று இப்போது புரிகிறது. எனக்கு அப்போது புரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னால் அந்தக் கறை என்னுடையதாகிவிடும். அது என்னுடையது இல்லை.

"சொல்ல மாட்டேன். இது மெழுகு இல்ல."

"ஏட்டி, சொல்லு" என்றார் அப்பா.

"நான் செய்யல."

அப்பா என்னை வெளியே இழுத்து அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்தது கிடையாது. காதுக்குள் ஒரு விசில் சத்தம் ஓடியது. அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை, ஆனால் அழுதுகொண்டே போய் அயர்ன் டேபிளில் கிடந்த பீஸ் ஒன்றை இழுத்தேன்.

"மெழுகா இருந்தா நகத்துல சுரண்டினா வரும். சுரண்டிப் பாருங்க. வரல்ல? மெழுகா இருந்தா சூடு பட்டா பேப்பருக்கு வரும்."

வேஸ்ட் மூட்டைக்குள் கையை விட்டு என் துணி ஒன்றை எடுத்தேன். முறுக்கியும் அதில் கொஞ்சம் மஞ்சள் மிஞ்சியிருந்தது. அதையும் அந்த பீஸையும் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். இரண்டின் மேலும் செய்தித்தாளை வைத்தேன். அயர்ன் பாக்ஸைத் தூக்க எனக்கு இரண்டு கை வேண்டும். அப்பா தடுக்க வந்தார். முதலாளி, "இருங்க மாஸ்டர், என்னதான் பண்றாங்கன்னு பாப்போமுங்க" என்றார். ஒற்றினேன். பத்து எண்ணினேன். பேப்பரை உரித்தேன்.

என் துணியின் மேல் இருந்த பேப்பரில் மஞ்சள், ஈரம் பட்டது போலத் திட்டாக ஊறியிருந்தது. மற்ற பேப்பரில் ஒன்றும் இல்லை. கோடு அப்படியே துணியில் கிடந்தது.

ஒரு மாதம் உருக்கியவளுக்குத் தெரிந்தது அது. அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் முதலாளி பேப்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய கறைங்க கண்ணு. காஞ்சிருக்கும். அதான் வரமாட்டேங்குது" என்றார். அப்பா தலையாட்டினார். இரண்டு டெய்லர்களும் தலையாட்டினார்கள். நான் இத்தனை பேரிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். அவர்கள் யாருக்கும் என் மேல் பகை இல்லை. பிள்ளை செய்தது என்றால் பெரியவர்கள் யார் மேலும் பழி விழாது, அவ்வளவுதான்.

அப்போதுதான் அம்மா வந்தாள். அதுவரை செக்கிங் டேபிளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவள். டேபிளில் கிடந்த பீஸை எடுத்தாள். உள்பக்கத்தைத் திருப்பி ஒரு கணம் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். நூல் பிசிறு வெட்டுகிற குட்டைக் கத்திரியை எடுத்து, அடி மடிப்பின் தையலைச் சடசடவென்று வெட்டிப் பிரித்தாள்.

மடிப்புக்குள் கோடு தொடர்ந்து போனது. தையலுக்குள்ளே, இரண்டு மடிப்புத் துணிக்கு நடுவே, எந்த அயர்ன் பாக்ஸும் தொட முடியாத இடத்தில், அதே மயிரிழைப் பழுப்பு நேராக ஓடியது.

"மெழுகு மடிப்புக்குள்ள எப்படிப் போகும் மொதலாளி?" என்றாள் அம்மா. "இது துணி நெய்யும்போதே விழுந்த எண்ணெய். நிட்டிங் மிஷின் ஊசி எண்ணெய். தைக்கிறதுக்கு முந்தியே இருந்திருக்கு. செக்கிங்ல பிடிச்சிருக்கணும். பிடிக்கல."

பீஸின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரை விரலால் தொட்டுக் காட்டினாள். யார் பார்த்து அனுப்பியது என்று தெரிவதற்காக ஒவ்வொரு செக்கிங்காரிக்கும் ஒரு நம்பர் கொடுத்திருப்பார்கள். "என் நம்பர். எல்லாத்துலயும் என் நம்பர்தான் இருக்கும். என் கண்ணுல தப்புனது."

அப்பா மூன்று பீஸைத் திருப்பிப் பார்த்தது எதை என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய இன்னும் சில வருடம் ஆனது. ஐந்தாறு வருடம் அயர்ன் பிடித்தவருக்கு எண்ணெய்க் கறைக்கும் மெழுகுக்கும் வித்தியாசம் தெரியாதா? பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். அம்மாவின் நம்பரையும் பார்த்திருக்கிறார். பிள்ளையின் விளையாட்டு என்றால் முதலாளி ஒரு ஸாரியோடு விட்டுவிடுவார், செக்கிங்காரியின் தவறு என்றால் விட மாட்டார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் போட்ட கணக்கு அது. நம்ப வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் என் படங்களை அத்தனை பேர் முன்னால் முறுக்கினார்.

முதலாளி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க அம்மிணி, இத நீங்களா எடுத்துக் காட்டோணும்னு என்னங்க இருக்குது? புள்ள ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." முடிக்காமல் விட்டுவிட்டார். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், இனி அவராலும் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. அன்று சாயங்காலம் வரை அத்தனை பெட்டியையும் பிரித்தார்கள். அந்தக் கோடு இன்னும் நிறைய பீஸில் இருந்தது. அம்மாவைச் செக்கிங்கிலிருந்து எடுத்துப் பிசிறு வெட்டுகிற வரிசையில் போட்டார்கள். செக்கிங் என்றால் நின்று பார்க்கிற வேலை, ஒரு மரியாதை உண்டு. பிசிறு வெட்டுவது தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை.

வீட்டுக்கு நடந்து போகும்போது அப்பா வாயைத் திறந்தார். "அவ ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஒனக்கு இந்தக் கேடு வந்திருக்காதுலா? ஒன்னக் காப்பாத்தத்தான நான் பாத்தேன்."

"தெரியும்" என்றாள் அம்மா. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பல வருடம் கழித்து, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு, நானே ஒருநாள் அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுத்தேன். "சின்னப் பிள்ள ஸாரி சொன்னா என்ன கொறஞ்சிரும்? பெரியவங்களுக்குத்தான் வேல போகும், மானம் போகும். ஒனக்கு என்ன போயிருக்கும்?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. என்னை அடித்த கையால் அன்று இரவு சோறு பிசையவே அவரால் முடியவில்லை, அதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்குப் போவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிற பெரியவர்களோடு எனக்கு இன்றைக்கும் சண்டைதான். என் மகள் செய்யாத ஒன்றுக்கு அவள் வாயிலிருந்து ஸாரி வாங்க யார் வந்தாலும், அவர்கள் முதலில் என்னிடம் பேச வேண்டியிருக்கும்.

அடுத்த நாளும் கம்பெனிக்குப் போனேன். போக மாட்டாள் என்று அப்பா நினைத்திருப்பார். என் அட்டைப் பெட்டியைச் செக்கிங் டேபிளுக்கு அடியிலிருந்து இழுத்து, அம்மா உட்கார்ந்திருந்த வரிசைக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன். அம்மாவின் கத்திரி மற்றவர்களைவிட மெதுவாக ஓடியது, அந்த வேலை அவளுக்குப் பழக்கமில்லை. முதல் நாள் லீவில் இருந்த ஒரு அக்கா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டாள்.

"ஏனக்கா, நீங்க எதுக்குங்க இங்க? செக்கிங்ல இருந்து ஏன் மாத்திப்போட்டாங்க?"

அம்மா என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். முதலாளி மாற்றினார் என்று சொல்லலாம். நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கத்திரியைக் கீழே வைத்தாள். அந்த அக்காவை விட உரக்க, தையல் மிஷின் வரிசையின் கடைசி ஆளுக்கும் அயர்ன் டேபிளில் நின்ற அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தப்பு விட்டது நான். கண்டுபிடிச்சது எம்மக."